கோயில் மேடையில் மெலிந்துபோன மின் வயலின்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாரியம்மன் திருவிழா சித்திரையில் நடக்கும். தேருக்கு முதல் நாள் இரவு கோயில் முன்மண்டபத்தில் பக்திப் பாடல் கச்சேரி. பாடுகிறவர்கள் இருவர், கீபோர்ட், மிருதங்கம், ஆக்டோபேட் (தட்டி வாசிக்கும் மின்னணுத் தாளக் கருவி), வயலின். எல்லாரும் உள்ளூர்ப் பிள்ளைகள். வெளியூர்க் குழுவுக்குக் கொடுக்கப் பணம் போதாத தோட்டங்களில் இதுதான் வழக்கம். கேட்கிற சனத்துக்கும் அதுதான் விருப்பம்.

வயலின் வாசிப்பவர் அந்தத் தோட்டத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படித்துப் பட்டம் பெற்று, இப்போது பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் சங்கீத ஆசிரியையாக இருக்கிறார். முந்திய வருடங்களில் சாதாரண வயலினுக்கு முன்னால் மைக் வைத்து வாசித்தார். மண்டபம் சிறியது, தகரக் கூரை, ஸ்பீக்கர் பெட்டிகள் மேடையை ஒட்டியே நிற்கும். மைக்கைக் கூட்டினால் கூவும். குறைத்தால் வயலின் ஆக்டோபேடுக்குள் அமுங்கிப்போகும். இந்தக் கதையைத் தொலைபேசியில் கேட்ட கனடா உறவினர் ஒருவர், தாம் பாவித்த மின் வயலினை அனுப்பிவைத்தார். கையேடு எதுவும் கூட வரவில்லை.

நான் ஹட்டனில் அம்ப், கீபோர்ட், ஸ்பீக்கர் திருத்துபவன். அந்தக் கோயிலுக்கு சவுண்ட் சர்வீஸ் செய்பவர் நெடுநாள் வாடிக்கையாளர். அவர் கூப்பிட்டுத்தான் போனேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டிருக்கிறேன்.

முதல் ஒத்திகையில் கேட்டது

ஒத்திகை பகல் வேளையில் நடந்தது. வயலினின் ஜாக்கிலிருந்து நீளமான கேபிளொன்று மிக்ஸரின் மைக் துளைக்குப் போயிருந்தது. ஒரு பக்கம் கிட்டார் ஜாக், மறு பக்கம் மைக் பிளக்; சவுண்ட்காரர் தாமே ஒட்டிய கேபிள். உள்ளே வரும் ஒலியைக் கூட்டும் கெய்ன் குமிழ் கிட்டத்தட்ட முழுதாகத் திருகப்பட்டிருந்தது. அப்படியும் கீழ்த் தந்திகள் இரண்டிலும் வில் உரசும் ஓசைதான் வந்தது, சுரம் வரவில்லை. மேல் தந்தி மட்டும் கீச்சென்று வெளியே வந்தது. கூடவே இரைச்சல்.

கோயில் தலைவர் சொன்னது: “காதுக்குள்ள கொசு பாடுற மாதிரி இருக்கு தம்பி.” அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயலினின் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) செத்துவிட்டது என்றார் சவுண்ட்காரர். அவர் முன்பு கையாண்டது யமஹாவின் சைலண்ட் வயலின் வகை. 1997இல் சந்தைக்கு வந்த அந்த வகையில் உள்ளேயே சிறு பெருக்கியும் பற்றரியும் ஹெட்ஃபோன் துளையும் உண்டு. எதில் செருகினாலும் சத்தம் வரும். ஆகவே வராதது கெட்டுப்போனது என்பது அவர் கணக்கு. பாவித்த சாமானை யாரோ தலையில் கட்டிவிட்டார்கள் என்று கமிட்டியில் சிலர். கீபோர்ட் வாசிக்கும் தம்பி மட்டும் தயங்கித் தயங்கி, “டீச்சர் வில்ல அழுத்தாம வாசிக்கிறாங்களோ என்னவோ. சுருதியும் சில இடத்துல சேரல்ல” என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி பிழை. இரண்டாவது பாதிக்குள் வேறொரு விஷயம் ஒளிந்திருந்தது.

ஆசிரியை சொன்ன ஒரு வாக்கியம்தான் எனக்குத் துப்பு. வீட்டில் தம்பியின் சின்னக் கிட்டார் அம்பில் போட்டால் இதே வயலின் நன்றாகக் கேட்கிறது என்றார். பிக்கப் செத்திருந்தால் எந்த அம்பிலும் கேட்கக் கூடாது.

சோதித்தது

வயலினைத் திருப்பிப் பார்த்தேன். கூடில்லாத திட மரம், சட்டம் போன்ற உடல். தந்திகளைத் தாங்கும் குதிரையின் இரு காலிலும் மெல்லிய வயர் இறங்கி வால் பக்க ஜாக்குக்குப் போகிறது. பற்றரிக்கு இடமில்லை, குமிழில்லை, ஹெட்ஃபோன் துளையில்லை. அதாவது இடையில் எந்தப் பெருக்கியும் இல்லாத வெறும் பியெசோ (அதிர்வு பட்டால் மின்னழுத்தம் தரும் பொருள்) பிக்கப். கொள்ளளவு பார்க்கக்கூடிய மல்டிமீட்டரை ஜாக்கில் வைத்தபோது ஏறக்குறைய 1 நானோஃபரட் காட்டியது. நல்ல பியெசோவுக்குரிய அளவுதான். தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டியபோது நாலும் ஏறத்தாழச் சமமாகப் பேசின.

சவுண்ட்காரருக்கு மேசையில் எழுதிக் காட்டிய கணக்கை இங்கேயும் தருகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் முக்கால்வாசி அதுதான். பியெசோ என்பது மின்சார ரீதியில் ஒரு சிறு கொள்ளளவி. அதை எந்தத் துளையில் செருகுகிறோமோ, அந்தத் துளையின் உள்ளீட்டுத் தடையும் அந்தக் கொள்ளளவும் சேர்ந்து, தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டியாகிவிடும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி மெலியத் தொடங்குகிறதோ அதைத்தான் வெட்டுமிடம் என்கிறேன். மிக்ஸரின் மைக் துளை ஏறத்தாழ 2 கிலோ ஓம். 1 நானோஃபரட்டோடு சேர்ந்தால் வெட்டுமிடம் 80 கிலோ ஹெர்ட்ஸ் வாக்கில் விழும். மனிதக் காதின் எல்லையே 20 கிலோ ஹெர்ட்ஸ். ஆகவே கேட்கக்கூடிய ஒலி முழுவதும் வெட்டுக்குள் அகப்பட்டு, கீழே போகப் போக மெலிந்துகொண்டே போகும். கீபோர்ட் போன்றவற்றைச் செருகும் லைன் துளை 10 முதல் 20 கிலோ ஓம். வெட்டுமிடம் 16 அல்லது 8 கிலோ ஹெர்ட்ஸ். அதுவும் உதவாது. கிட்டார் அம்பின் துளை வழக்கமாக 1 மெகா ஓம். அங்கே வெட்டுமிடம் 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மேலைநாட்டுச் சுருதியில் வயலினின் அடித் தந்தி 196 ஹெர்ட்ஸ் என்பதால், வீட்டில் அது ஒழுங்காகக் கேட்டதில் அதிசயமில்லை. நம்மவர்கள் பாடகரின் சுருதிக்குத் தந்தியைத் தளர்த்துவார்கள். அப்போது இன்னும் கொஞ்சம் கீழே இடம் வேண்டும். 10 மெகா ஓம் கொடுத்தால் 16 ஹெர்ட்ஸ். கவலையே இல்லை.

கேபிளின் நீளம்தான் காரணமா என்று சவுண்ட்காரர் கேட்டார். நல்ல கேள்வி. சாதாரண கிட்டார் பிக்கப்பில் நீளக் கேபிள் மேல் ஒலியைத் தின்னும். பியெசோவில் அப்படியில்லை. மீட்டருக்கு 100 பிக்கோஃபரட் என்று வைத்தால் 10 மீட்டர் கேபிள் இன்னொரு 1 நானோஃபரட். ஒலி மொத்தமாக 6 டெசிபல் இறங்கும், நிறம் மாறாது. நீளக் கேபிளின் தொல்லை வேறு வழியில் வந்தது, அது மாலையில்.

இன்னொன்றும் கவனித்தேன். மிருதங்கத்துக்கு வைத்திருந்த கண்டென்சர் மைக்குக்காக, கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் மிக்ஸரின் 48 வோல்ட் ஃபாண்டம் சுவிச்சு போடப்பட்டிருந்தது. அந்த மிக்ஸரில் எல்லா மைக் துளைக்கும் ஒரே சுவிச்சு. வயலின் கேபிளைச் செருகும்போதெல்லாம் ஸ்பீக்கர் ‘டப்’ என்று அதிர்ந்ததற்கு அதுவே காரணம். எந்த வழியில் போனாலும் வயலினை அந்த 48 வோல்ட்டிலிருந்து பிரித்தாக வேண்டும்.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

பழைய வயலினுக்கே திரும்பி மைக் வைப்பது முதல் யோசனை. கமிட்டியின் விருப்பமும் அது. ஆனால் கூவல் பிரச்சினைக்காகத்தானே இவ்வளவும். மண்டபமும் கூரையும் மாறவில்லை.

சவுண்ட்காரரின் சாமான் பெட்டியில் மின்மாற்றி வகை டிஐ பெட்டி (வாத்தியத்தை மிக்ஸரின் மைக் துளையோடு பொருத்தும் இடைக்கருவி) ஒன்று இருந்தது. அதன் உள்ளீடு 140 கிலோ ஓம் அளவு. போட்டுப் பார்த்தோம். வெட்டுமிடம் 1 கிலோ ஹெர்ட்ஸ் வாக்கில் வருவதால் கொசு போய் மூக்கடைத்த குரல் வந்தது. முன்னேற்றம்தான், ஆனால் அதோடு மேடையேற ஆசிரியைக்கு மனமில்லை. எனக்கும்தான். 1 மெகா ஓம் உள்ளீடுள்ள, மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் டிஐயைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம்; திருவிழாவுக்குள் வந்துசேரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

அதனால் கடையில் கிடந்ததைக் கொண்டு ஒரு இடைப்பெட்டி செய்தேன். டிஎல்072 என்ற ஐசி. அம்ப் திருத்துகிற எந்தக் கடையிலும் இருக்கும். அதன் உள்ளீட்டில் 10 மெகா ஓம் தடை, 9 வோல்ட் பற்றரி, பழைய கிட்டார் பெடலின் அலுமினியக் கூடு. ஒலியைக் கூட்டுவது அதன் வேலையல்ல. பியெசோவின் மெல்லிய மின்னழுத்தத்தைச் சுமையேற்றாமல் வாங்கி, பலமான வழியில் வெளியே விடுவது மட்டுமே. பெட்டியிலிருந்து அதே மின்மாற்றி டிஐக்கு, அங்கிருந்து மிக்ஸருக்கு. முதலில் உதவாத டிஐ இப்போது மிகப் பொருத்தமாக அமைந்தது: மின்மாற்றி 48 வோல்ட்டைத் தடுக்கிறது, மேடைப் பக்க நிலத்தையும் (ஆடியோ கேபிளின் எர்த் இணைப்பு) மிக்ஸர் பக்க நிலத்தையும் பிரித்துவைக்கும் சுவிச்சும் அதில் உண்டு.

வயலினுக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு மீட்டர் கேபிள் மட்டும் விட்டேன். நம் முறையில் வாசிப்பவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது காலில் ஊன்றி, வால் பக்கத்தை மார்போடு அணைத்துக்கொள்வார். நின்று வாசிப்பவருக்காகச் செய்த இந்த வயலினில் ஜாக் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. நேரான பிளக் மார்பில் குத்தியது. சேலைத் தலைப்பு உரசினாலே ஸ்பீக்கரில் ‘சரசர’. வளைந்த பிளக் போட்டு, கேபிளைத் தாடைக் கட்டையடியில் ஒரு சுற்றுச் சுற்றி ரப்பர் வளையத்தால் இறுக்கிய பிறகு அது அடங்கியது. இது எந்தக் கையேட்டிலும் இருந்திருக்காது.

மாலையில் வந்த இரைச்சல்

பெட்டியோடு பகலில் சோதித்தபோது சுத்தமாக இருந்தது. கீழ்த் தந்தி முதல்முறையாகத் தன் குரலில் பேசியது. ஆசிரியை ஆரபி ராகத்தில் ஒரு பிடி வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆறு மணிக்குப் பிறகு மண்டபத்துச் சீரியல் பல்புகளைப் போட்டார்கள். உடனே ஸ்பீக்கரெல்லாம் ‘ங்ங்’ என்றது.

எல்லார் கண்ணும் மறுபடி வயலின் பக்கம் திரும்பியது. மிக்ஸரில் வயலின் சானலை முழுதாக இறக்கச் சொன்னேன். ‘ங்ங்’ கொஞ்சம் குறைந்ததே தவிரப் போகவில்லை. ஆக இரைச்சல் இரண்டு: ஒன்று வயலின் வழியாக வருகிறது, மற்றது வயலினுக்குச் சம்பந்தமே இல்லாதது.

இரண்டாவதைப் பிடிக்க நேரமெடுத்தது. பவர் அம்ப் கோயில் மெயின் போர்ட்டிலிருந்து கரண்ட் எடுத்தது. மிக்ஸரும் கீபோர்ட்டும் மடப்பள்ளிச் சுவரிலிருந்து நீட்டிய வயரில் ஓடின. இரு இடத்து எர்த்தும் ஆடியோ கேபிளின் உலோக உறையும் சேர்ந்து ஒரு வளையமாகி, 50 ஹெர்ட்ஸ் கரண்டின் முனகலை உள்ளே இழுத்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுக்கும்படி மாற்றியதும் அது நின்றது. வயலின் வழியாக வந்தது வேறு சங்கதி: கேபிள் மேடை ஓரமாகச் சீரியல் பல்பு வயரோடு கூடவே படுத்திருந்தது. கேபிளைப் பிரித்து மறுபுறமாகக் கொண்டுபோனோம்; பல்பு வயரைக் கடக்க வேண்டிய ஒரே இடத்தில் குறுக்காகக் கடக்க விட்டோம். மிச்சமிருந்தது வாசிப்புக்குள் கேட்காத அளவு.

இந்தச் சோதனைக்கு நடுவில் நடந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். உதவிக்கு நின்ற பையன் ஒருவன், எர்த் முனை தொடாத மாதிரி மிக்ஸரின் சதுரப் பிளக்கைக் கழற்றிக் கட்ட ஆரம்பித்தான். “எர்த்த எடுத்தா சத்தம் நிக்கும்ணே, நாங்க எல்லா எடத்துலயும் இப்படித்தான் செய்றது” என்றான். நிற்கும் என்பது உண்மை. வேலையை நிறுத்தி, எர்த்தைத் திரும்ப மாட்டாமல் ஒரு சாமானும் போடக் கூடாது என்று சொன்னேன். கமிட்டியார் சிலருக்கு என் பிடிவாதம் பிடிக்கவில்லை, நேரம் போய்க்கொண்டிருந்தது.

காரணம் இது. சித்திரையில் மலையகத்தில் பிற்பகல் இடிமழை அநேகமாக நிச்சயம். சனம் நனைந்த காலோடு மண்டபத்துக்குள் வருகிறது, சீமெந்துத் தரை ஈரம். கோயில் என்பதால் மேடையில் எல்லாரும் வெறுங்கால். பாடகர்களின் உதடு மைக்கின் உலோக வலையில் படும். அந்த வலை கேபிள் உறை வழியாக மிக்ஸரின் உடலோடு நேரடியாகச் சேர்ந்தது. மிக்ஸருக்குள் ஒரு வயர் விலகி உடலில் பட்டால், எர்த் இருக்கும்போது கரண்ட் அதன் வழியாக இறங்கும், கோயில் போர்ட்டிலுள்ள ட்ரிப் சுவிச்சு உடனே விழும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் காத்திருக்கும், முதலில் தொடுகிறவருக்காக. அலுவலகத்தில் சப்பாத்துப் போட்டவர் சிறு அதிர்ச்சியோடு தப்பக்கூடும். ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆடியோ நிலத்தைப் பிரிக்க டிஐ பெட்டியில் சுவிச்சு இருக்கிறது. சுவர்ப் பிளக்கின் எர்த் அதற்கானதல்ல.

சுருதி சேராத சங்கதி

ஒலி சரியான பிறகும், முழுக் குழுவோடு வாசித்தபோது கீபோர்ட் தம்பி சொன்னது உண்மையென்று தெரிந்தது. கமகம் வரும் இடங்களில் வயலின் சற்றுத் தள்ளி நின்றது. தனியே வாசிக்கும்போது அப்படியில்லை.

சாதாரண வயலின் வாசிப்பவரின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒலிக்கிறது. மேடையில் எவ்வளவு சத்தமிருந்தாலும் தன் விரல் எங்கே நிற்கிறதென்று அவருக்குத் தெரியும். வீணைபோல மெட்டுகள் இல்லாத வாத்தியத்தில் அந்தக் காதுதான் வழிகாட்டி. கூடில்லாத மின் வயலின் தானாக ஒலிப்பது மிகக் குறைவு. ஸ்பீக்கர்கள் சனத்தைப் பார்த்தபடி முன்னால் நிற்க, பின்னால் உட்கார்ந்த ஆசிரியைக்குத் தகரக் கூரையில் பட்டுத் தாமதித்து வரும் எதிரொலி மட்டுமே கேட்டது. கேட்கவில்லை என்பதால் வில்லை அழுத்தினார். அழுத்த அழுத்தச் சுரம் இழுபட்டது. இது வாசிப்பவரின் குறையல்ல என்று கமிட்டிக்கு முன்னால் நேரடியாகச் சொன்னேன். சொல்லாவிட்டால் ஊருக்குள் அது வேறு கதையாகிவிடும்.

பெட்டியில் இரண்டாவது வெளியீடு ஒன்று வைத்து, தம்பியின் கிட்டார் அம்பை அவருக்குப் பின்னால் இடது காதுக்கு நேராக ஒரு முக்காலியில் ஏற்றினோம். ஒலி அவருக்கு மட்டும் போதும் என்ற அளவு. அம்பும் மிக்ஸரும் ஒரே கரண்ட் பலகையில். டிஐயின் நிலப் பிரிப்புச் சுவிச்சைப் போட்டதால் புதிதாக முனகலும் வரவில்லை. அடுத்த பாட்டிலேயே வில்லின் அழுத்தம் இறங்கியது; சுருதி சேர்ந்தது.

கச்சேரி இரவு

மழை ஏழு மணிக்கு விட்டது. கச்சேரி பூசை முடிந்து தாமதமாகத் தொடங்கினாலும் ஒலியில் தடங்கல் இல்லை. பியெசோவுக்கே உரிய ‘கறகற’ தெரியாமலிருக்க 3 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுதாக வெட்டியிருந்தோம். கூவல் ஒருமுறைகூட வரவில்லை. தலைவர் மிக்ஸர் மேசைக்கு வந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை, பிறகு தேநீர் அனுப்பினார்.

முழு வெற்றியென்று சொல்ல முடியாது. மேட்டு லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்காகக் கோபுரத்தில் குழாய் ஸ்பீக்கர்கள் கட்டியிருந்தார்கள். குழாய் ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் தராது. நடக்க முடியாமல் வீட்டிலிருந்து கேட்ட பெரியவர்களுக்கு வயலின் இன்னும் மெலிவாகத்தான் போய்ச் சேர்ந்தது. பாட்டின் சொல் தெளிவாகப் போக வேண்டும் என்பதற்காக அந்தக் குழாய்களைத் தொடாமல் விட்டோம்.

அதன் பின்

சில வாரம் கழித்துப் பாடசாலை விழாவொன்றில் பெட்டி வேலை செய்யவில்லை என்று ஆசிரியை அழைத்தார். பற்றரி தீர்ந்திருந்தது. பெட்டி இழுப்பது சுமார் 3 மில்லிஅம்பியர். நல்ல அல்கலைன் பற்றரி நூறு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். ஆனால் ஜாக்கைச் செருகியதும் ஓடத் தொடங்கி, கழற்றினால்தான் நிற்கும்படி அமைத்திருந்தேன். வயலினைப் பையில் வைத்தபோது பெட்டியின் கேபிள் செருகியபடியே இருந்திருக்கிறது. இப்போது அதற்குத் தனிச் சுவிச்சும் சிறு சிவப்பு விளக்கும் உண்டு.

இதே வேலையை மறுபடி செய்தால் ஒத்திகையைப் பொழுதுபட்ட பிறகு, எல்லா விளக்கும் எரியும்போது, முழுக் குழுவோடு வைப்பேன். பகல் சோதனையில் இரைச்சலும் தெரியவில்லை, சுருதிப் பிரச்சினையும் தெரியவில்லை. வயலின் பையில் ஒரு அட்டையும் வைத்திருக்கிறோம்: உள்ளே பெருக்கி இல்லை, மைக் துளையில் நேரடியாகச் செருகக் கூடாது, முதலில் பெட்டி. ஆசிரியை இல்லாத இடத்தில் வேறொரு சவுண்ட்காரர் கையில் அது அகப்பட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

சவுண்ட்காரர் அதே மாதிரி இன்னொரு பெட்டி கேட்டார். வீணைக்கும் மண்டலினுக்கும் ஒட்டும் பியெசோக்களிலும் இதே மெலிவு இருப்பதை அவர் தாமே கண்டுகொண்டார். அவற்றில் பெட்டி நன்றாகவே உதவுகிறது. பாடசாலைப் பிள்ளைகளின் சாதாரண வயலின்களில் குதிரையில் கவ்வும் பிக்கப் போட்டுப் பார்த்தபோது நிறம் சரியானது, கூவல் திரும்பிவிட்டது. மரக்கூடு ஸ்பீக்கரின் அதிர்வை வாங்கித் திருப்பித் தருகிறது; அதற்கு இந்தப் பெட்டியால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அங்கே ஸ்பீக்கர்களைப் பிள்ளைகளுக்கு முன்னே தள்ளி வைத்து, சத்தத்தைக் குறைத்துத்தான் சமாளிக்கிறார்கள்.